டாக்டர் பதில்கள்: நல்ல டாக்டர், சுமாரான வாத்தியார்

போன மாசம் இந்தப் பக்கத்துல ஒரு வாசகருக்கு சுகர் பத்தி பதில் சொல்றப்போ, போற போக்குல ஒரு வரி எழுதிட்டேன். "முப்பது வருஷம் மெடிக்கல் காலேஜ்ல பாடம் நடத்தினேன், எப்படி நடத்தணும்னு எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கவே இல்ல"ன்னு. அவ்ளோதான், சுகரை எல்லாரும் மறந்துட்டாங்க. லெட்டர், மெயில், வாட்ஸ்அப்னு வந்தது முக்காவாசி டாக்டர்கள், நர்ஸுகள், பிசியோக்காரங்ககிட்ட இருந்துதான். அதனால இந்த வாரம் மத்த கேள்விக்கெல்லாம் லீவு. ரத்தக்கொதிப்பு, மூட்டு வலி அன்பர்கள் மன்னிக்கணும், அடுத்த வாரம் வர்றேன்.

கேள்வி: சார், ப்ரமோஷனுக்கு வேணும்னு, பாடம் நடத்துறது எப்படின்னு டாக்டர்களுக்குச் சொல்லிக்குடுக்கிற மூணு நாள் மெடிக்கல் எஜுகேஷன் பேசிக் கோர்ஸ் முடிச்சேன். திரும்பி வந்து பழையபடி பிபிடி (பவர்பாயின்ட் ஸ்லைடு) போட்டுத்தான் ஓட்டிட்டு இருக்கேன். எங்க துறைத் தலைவர் (ஹெச்.ஓ.டி.) "நோயாளிய நல்லாப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு சொல்லிக்குடுக்கிறது தானா வரும்"னு சிரிக்கிறார். அவர் சொல்றது சரியா?
(உதவிப் பேராசிரியர், மதுரை)

உங்க ஹெச்.ஓ.டி. சொல்றதைத்தான் நானும் ரொம்ப நாள் நம்பினேன் தம்பி. ரத்தத்துல அமிலமும் காரமும் எப்படி சமநிலையில இருக்குன்னு சொல்ற ஆசிட்-பேஸ் கிளாஸ் என் ஸ்பெஷல், போர்டு பூரா கோடு போட்டு கலர் சாக்பீஸ் எல்லாம் வச்சு எடுப்பேன், முடிஞ்சதும் பசங்க கை தட்டுவாங்க, நானும் காலரைத் தூக்கி விட்டுக்குவேன். ஒரு தடவை கிளாஸ் முடிஞ்சு மூணு வாரம் கழிச்சு ஐ.சி.யூ.ல அதே பேட்ச் பையன் ஒருத்தன்கிட்ட ஏ.பி.ஜி. ரிப்போர்ட்டை (அந்த சமநிலையைக் காட்டுற ரத்தப் பரிசோதனை) நீட்டினேன். பி.ஹெச். நம்பரை மட்டும் வாசிச்சிட்டு என் மூஞ்சியவே பாத்துட்டு நின்னான், அதோட சேத்துப் பாக்க வேண்டிய பைகார்பனேட் பக்கம் கண்ணே போகல. பக்கத்துல நின்ன இன்னொரு பொண்ணும் அப்படித்தான். அன்னைக்குத்தான் உறைச்சுது, அந்தக் கைதட்டல் என் நடிப்புக்கு, பாடத்துக்கு இல்லன்னு.

இந்த சந்தேகம் நமக்கு மட்டும் வந்ததில்ல. 1950கள்ல அமெரிக்காவுல பஃபலோ யுனிவர்சிட்டியில ஜார்ஜ் மில்லர்னு ஒரு டாக்டர் இருந்தார். அவர் செஞ்ச காரியம் அந்தக் காலத்துல கொஞ்சம் வேடிக்கையானது, அதே யுனிவர்சிட்டியில இருந்த கல்வியியல் துறைக்காரங்களைப் போய்ப் பாத்து "நாங்க பாடம் எடுக்கிறதை நீங்க வந்து பாத்து என்ன தப்புன்னு சொல்லுங்க"ன்னு உக்காந்துட்டார். டாக்டருக்கு டாக்டர் இல்லாத ஒருத்தர் பாடம் சொல்றதான்னு கேக்கிற ஊர்ல அதைச் செய்ய ஒரு தைரியம் வேணும். மெடிக்கல் எஜுகேஷன் ஆராய்ச்சிங்கிற துறை வளந்ததுல அந்தக் கூட்டு முயற்சிக்குப் பெரிய பங்கு உண்டு. பேசிக் கோர்ஸ்ல உங்களுக்குக் காட்டியிருப்பாங்களே, "தெரியும், எப்படின்னு தெரியும், செஞ்சு காட்டுவான், நிஜத்துல செய்வான்"னு நாலு தட்டு பிரமிடு, அது இதே மில்லர் 1990ல போட்டதுதான். என் ஆசிட்-பேஸ் கிளாஸ் கீழ்த்தட்டைத் தாண்டவே இல்ல, நான் மேல்தட்டுல நின்னு கைதட்டல் வாங்கிட்டு இருந்தேன்.

கோர்ஸ் வேஸ்ட்டுன்னு நான் சொல்லல. 2009 வாக்குல மெடிக்கல் கவுன்சில் இதை ரீஜனல் சென்டர்கள் மூலமா கொண்டு வந்தப்போ எங்கள்ல பல பேர் முணுமுணுத்தோம், ஆனா அது இல்லேன்னா 2019ல புது எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் வந்தப்போ இன்னும் திண்டாடியிருப்போம். சிக்கல் என்னன்னா மூணு நாள்ல நீச்சல் பத்தி கேக்கலாம், நீச்சல் வராது. 2006ல மருத்துவ ஆசிரியர் பயிற்சி பத்தி வந்த 53 ஆய்வுகளை ஒண்ணாப் போட்டுப் பாத்து ஒரு பெரிய தொகுப்பு வந்துச்சு. அதுல பலன் தர்ற பயிற்சிகள்ல தெரிஞ்ச அம்சங்கள்னு சொன்னது ஒண்ணும் ராக்கெட் சயின்ஸ் இல்ல. கையில செஞ்சு பாக்கிறது, செஞ்சதைப் பத்தி ஒருத்தர் நேரா கருத்து சொல்றது, கூட வேலை பாக்கிறவங்களோட சேந்து கத்துக்கிறது, இந்த மாதிரிதான். நீங்க திரும்பி வந்து தனியாளா உக்காந்துட்டீங்க, அதான் பிபிடி ஜெயிச்சிடுச்சு.

ஒண்ணு பண்ணுங்க. உங்க கிளாஸ்ல உங்களையே உறுத்துற ஒரே ஒரு விஷயத்தை எடுங்க, பெருசா வேண்டாம். "என் பசங்களுக்கு ஈ.சி.ஜி. ஏன் மனசுல நிக்கல" அந்த சைஸ் போதும். அதை ஒரு ஆராய்ச்சிக் கேள்வியா மாத்தி, கூட மூணு பேரைச் சேத்துக்கிட்டு ஆறு மாசம் துரத்துங்க. ஹெச்.ஓ.டி.யையும் சேத்துக்கோங்க, சிரிக்கிறவரைக் குழுவுக்குள்ள வச்சுக்கிறது நல்லது.

கேள்வி: நான் நர்சிங் ட்யூட்டர். டாக்டர்கள் செய்ற ஆராய்ச்சியில எங்களை டேட்டா எடுக்க மட்டும்தான் கூப்பிடுறாங்க. சேந்து செய்றதுன்னா என்னய்யா அர்த்தம்?
(வாசகி, திண்டுக்கல்)

அம்மா, இந்தக் கேள்விக்கு நான் குற்றவாளிக் கூண்டுல நின்னுதான் பதில் சொல்லணும். நடந்ததைச் சொல்றேன், ஆஸ்பத்திரி பேரு வேண்டாம்.

எங்க வார்டுல ஒரு சிஸ்டர் இருந்தாங்க, ஒரு நாள் ரவுண்ட்ஸ் முடிஞ்சதும் என்னை நிப்பாட்டி "சார், உங்க பசங்க எழுதுற பி.பி.ய நம்பாதீங்க, எல்லாருக்கும் 120க்கு 80 எழுதுறாங்க"ன்னாங்க. எனக்குக் கோவம். ஏன்னா அதே பசங்க வைவாவுல (வாய்மொழிப் பரீட்சை) பி.பி. பாக்கிற முறையை ஒப்பிச்சவங்க, அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கணும், கை நெஞ்சு மட்டத்துல இருக்கணும், கஃபுக்குள்ள (கையில சுத்துற பட்டை) இருக்கிற காத்துப் பை கையை 80 சதவீதமாவது சுத்தணும், பேசக்கூடாது, எல்லாம் சொன்னாங்க, நானே மார்க் போட்டேன். சரின்னு மறுநாள் மறைஞ்சு நின்னு பாத்தேன். முழுக்கை சட்டை மேலயே கஃப், பெரியவர் ஊர்க்கதை பேசிக்கிட்டே இருக்கார், கை தொங்குது. சீட்டுல 120/80.

அப்போ ஒரு சின்ன குழு போட்டோம். நான், அந்த சிஸ்டர், கம்யூனிட்டி மெடிசின்ல இருந்து புள்ளியியல் தெரிஞ்ச ஒரு இளம் டாக்டர், ஃபைனல் இயர் பசங்க ரெண்டு பேர். பி.பி. பாக்கிறதுக்கு ஒரு செக்லிஸ்ட் எழுதி, ஒரே மாணவன் பாக்கிறதை நானும் சிஸ்டரும் தனித்தனியா டிக் பண்றதுன்னு ஏற்பாடு. ஆஸ்கி பரீட்சைன்னு இப்போ எல்லா காலேஜ்லயும் ஒவ்வொரு மேஜையிலயும் ஒரு வேலையைச் செஞ்சு காட்டச் சொல்லி ஸ்டேஷன் ஸ்டேஷனா வைக்கிறாங்களே, 1975ல ஸ்காட்லாந்துல டண்டீயில ரொனால்ட் ஹார்டன் குழு எழுதின முறை, அதுல இருந்து சுட்ட ஐடியாதான்.

முதல் வாரம் ரெண்டு பேர் தாளையும் பக்கத்துல வச்சுப் பாத்தா ஒத்தே போகல. "கஃப் சரியாகக் கட்டினார்" அந்த வரியில நான் வரிசையா டிக், சிஸ்டர் வரிசையா பெருக்கல் குறி. புள்ளியியல் தம்பி "சார், ரெண்டு பேரும் வேற வேற பேஷன்ட்டைப் பாத்தீங்களா"ன்னு கேட்டான். டீ ஆறுற வரைக்கும் சண்டை. கடைசியில பாத்தா என் கணக்குல கஃப் கையில இருந்தா சரி. அவங்க கணக்குல துணி மேல இருக்கக்கூடாது, கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு ரெண்டு விரல் மேல இருக்கணும், ட்யூப் எந்தப் பக்கம் வருதுன்னு பாக்கணும், ரொம்ப லூசா இருக்கக்கூடாது. ஒரே வரியை நாலு வரியா உடைச்சது அவங்கதான். முப்பது வருஷ அனுபவம் உள்ள நான் என்ன பாக்கிறேன், என்ன பாக்காம விடுறேன்னு எனக்கே தெரிஞ்சது அந்த டீக்கடை பெஞ்ச்ல. அம்மா, நீங்க கேட்ட "சேந்து செய்றது" அந்தச் சண்டைதான். அது இல்லாம பேர் மட்டும் சேத்துப் போடுறது வெறும் கல்யாணப் பத்திரிகை.

இன்னொண்ணு, பசங்க ரெண்டு பேர் இல்லேன்னா நாங்க வழக்கம் போல "இவங்களுக்கு அறிவு பத்தல, இன்னொரு கிளாஸ் எடுப்போம்"னு முடிச்சிருப்போம். அதுல ஒருத்தி சொன்னா, "சார், ஓ.பி.ல அம்மாங்க டைட் ஜாக்கெட் போட்டுட்டு வர்றாங்க, கையை மேல ஏத்த முடியாது, ஸ்க்ரீன் கிடையாது, பின்னாடி அம்பது பேர் லைன்ல நிக்கிறாங்க, பத்து பேருக்கு ஒரு பி.பி. மெஷின், எப்படி சார் அஞ்சு நிமிஷம் உக்கார வைக்கிறது." பதில் சொல்ல எங்க யாருக்கும் வாய் வரல. கடைசியில நாங்க மாத்துனது லெக்சரை இல்ல. மூலையில ஒரு ஸ்க்ரீன், ஒரு பெரிய சைஸ் கஃப், காத்திருக்கிற பெஞ்சை பி.பி. டேபிளுக்குப் பக்கத்துல நகர்த்துனது, அப்புறம் நாலு நாலு பேரா பிரிச்சு சிஸ்டரே சொல்லிக்குடுத்தது. முதல்ல பேசாம ஒரு தடவை முழு வேகத்துல செஞ்சு காட்டுவாங்க, அப்புறம் ஒவ்வொரு படியா சொல்லிக்கிட்டே செய்வாங்க, மூணாவது தடவை மாணவன் சொல்லச் சொல்ல இவங்க செய்வாங்க, நாலாவது தடவை அவனே செய்யணும். பெய்ட்டன் முறைன்னு இதுக்குப் பேரு. அதுல மூணாவது படிதான் உயிர், அவன் வாயால சொல்றப்போ எந்த இடத்துல தடுமாறுறான்னு அப்பட்டமாத் தெரிஞ்சிடும்.

இப்போ குற்றத்துக்கு வர்றேன். பேப்பர் எழுதினப்போ நான் சிஸ்டர் பேரைக் கடைசியில நன்றி சொல்ற இடத்துல போட்டேன். டிராஃப்டை வாசிச்சிட்டு அவங்க சத்தமெல்லாம் போடல, "செக்லிஸ்ட் யார் எழுதினது சார்?"னு மட்டும் கேட்டாங்க. நான் தலை குனிஞ்சேன். மருத்துவப் பத்திரிகை ஆசிரியர்கள் சங்கத்தோட விதியே தெளிவா இருக்கு, ஆய்வை வடிவமைச்சதுலயோ தகவல் சேத்ததுலயோ அதை அலசினதுலயோ உருப்படியான பங்கு இருக்கணும், எழுதுறதுலயோ திருத்துறதுலயோ பங்கு இருக்கணும், கடைசி வடிவத்துக்கு ஒப்புதல் தரணும், பொறுப்பு ஏத்துக்கணும். நாலும் அவங்க செஞ்சாங்க, இல்ல நான் விட்டிருந்தா செஞ்சிருப்பாங்க. ரெண்டாவது பேரா போட்டோம். அதனால நீங்க முதல் மீட்டிங்லயே கேளுங்க அம்மா, "யார் பேர் எந்த இடத்துல"ன்னு. கேட்டா மரியாதை குறையும்னு நினைக்காதீங்க, கடைசியில கேட்டாத்தான் மனஸ்தாபம்.

கேள்வி: என் பொண்ணு எம்.பி.பி.எஸ். ரெண்டாவது வருஷம். வாத்தியாருங்க புதுசா ஒரு முறையில பாடம் நடத்திப் பாக்கிறோம்னு கையெழுத்து வாங்குறாங்களாம். எங்க புள்ளைங்க என்ன சோதனை எலியா?
(ஒரு தகப்பனார், தஞ்சாவூர்)

கையெழுத்து கேட்டாங்கன்னா சந்தோஷப்படுங்க ஐயா, கேக்காம செய்றதுதான் நிறைய. பாடம் நடத்துற முறைகளை ஒப்பிட்டுப் பாக்கிற ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலோட (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்ல முழு ரிவ்யூல இருந்து விலக்கு கிடைக்க வழி இருக்கு, ஆனா விலக்கா இல்லையான்னு முடிவு பண்றது ஆய்வுல நெறி மீறாமப் பாத்துக்கிற எத்திக்ஸ் கமிட்டி, வாத்தியார் இல்ல. மாணவர்கள் மறுத்துப் பேச முடியாத இடத்துல இருக்கிறவங்கன்னும் அதே வழிகாட்டுதல் சொல்லுது. உங்க பொண்ணை ரெண்டு விஷயம் கேக்கச் சொல்லுங்க. வேண்டாம்னு சொன்னா இன்டர்னல் மார்க்குல கை வைப்பாங்களா, அப்புறம் புது முறை நல்லா இருந்தா மத்த பாதி கிளாஸுக்கும் அதைப் பின்னாடி நடத்துவாங்களா. ரெண்டுக்கும் ஒழுங்கா பதில் வந்தா கையெழுத்துப் போடலாம். மார்க் போடுற வாத்தியாரே ஃபார்மை நீட்டினா கொஞ்சம் யோசிக்கலாம்.

கேள்வி: பசங்க முன்னாடியே பாடத்தைப் படிச்சிட்டு வந்து கிளாஸ்ல விவாதம் பண்ற ஃப்ளிப்டு கிளாஸ்ரூம் வச்சு ஆராய்ச்சி பண்ணேன். ப்ரீ டெஸ்ட்டை விட போஸ்ட் டெஸ்ட் மார்க் சூப்பரா ஏறிடுச்சு, பி வேல்யூ (நிஜத்துல மாற்றமே இல்லேன்னா இப்படி ஒரு முடிவு வர எவ்ளோ வாய்ப்புன்னு சொல்ற எண்) 0.001க்குக் கீழ. ஜர்னல்ல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க. ஏன்?
(பல் மருத்துவ ஆசிரியர், சேலம்)

காலையில ஒண்ணும் தெரியாத பசங்களுக்கு மத்தியானம் வரைக்கும் பாடம் எடுத்து சாயங்காலம் அதே கேள்வியைக் கேட்டா மார்க் ஏறாம என்ன செய்யும்? திருக்குறளை மைக்ல கத்திச் சொல்லிக்குடுத்திருந்தாலும் பி வேல்யூ வந்திருக்கும். நீங்க ஒண்ணுமே நடத்தாததோட ஒப்பிட்டிருக்கீங்க, பழைய முறையோட ஒப்பிடல.

அடுத்த தடவை ரெண்டு குழு வைங்க, ஒரு குழுவுக்குப் பழசு, ஒண்ணுக்குப் புதுசு, அடுத்த தலைப்புக்கு மாத்தி வைங்க, யாருக்கும் நஷ்டம் இல்ல. டெஸ்ட்டை அன்னைக்கே வைக்காம ஆறு வாரம் கழிச்சு சொல்லாம வைங்க. 2009ல அமெரிக்காவுல ரெசிடென்ட் டாக்டர்களை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, கொடுத்த பாடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறதை விட திரும்பத் திரும்ப டெஸ்ட் எழுதினது ஆறு மாசத்துக்கு அப்புறமும் நல்லா நினைவுல நின்னுச்சு. ஆறு மாசம் பொறுத்தாங்க பாருங்க, நமக்கு சாயங்காலம் வரைக்கும் பொறுமை இல்ல. ஏன் ஏறுச்சு, ஏன் ஏறலன்னு தெரியணும்னா பத்து பசங்களை உக்கார வச்சுப் பேசுங்க, அந்தப் பேச்சை எழுதி அலசுறதும் ஆராய்ச்சிதான், நம்பர் வந்தாத்தான் ஆராய்ச்சின்னு யார் சொன்னது. உங்க பக்கத்து ஊர் காலேஜ்ல அதே பாடம் எடுக்கிறவரையும் சேத்துக்கோங்க, ஒரு காலேஜ்ல வேலை செஞ்சது இன்னொண்ணுல செய்யலைன்னா அதுதான் சுவாரசியமே.

இன்னொரு வேண்டுகோள், தயவுசெஞ்சு "பார்த்துக் கத்துக்கிற பையன், கேட்டுக் கத்துக்கிற பையன்"னு பிரிக்கிற கேள்வித்தாளை வச்சு இன்னொரு தீசிஸ் வேண்டாம். 2008லயே உளவியல்காரங்க அலசிட்டு, அந்தப் பிரிவுக்கு ஏத்த மாதிரி நடத்தினா நல்லா கத்துப்பாங்கன்னு சொல்ல ஆதாரம் போதாதுன்னு எழுதிட்டாங்க. நம்ம ஊர்ல மட்டும் அது சாகவே மாட்டேங்குது.

கேள்வி: நான் பிசியோதெரபி சொல்லிக்குடுக்கிறேன். எங்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைக்குமா, டாக்டர்களுக்கு மட்டும்தானா?
(வாசகர், ஈரோடு)

உங்களுக்கு ரொம்பப் பக்கத்துலயே இருக்கு. அமெரிக்காவுல இருக்கிற, மருத்துவக் கல்வியை வளக்கிற ஃபெய்மர் அமைப்போட ரீஜனல் இன்ஸ்டிட்யூட்டுகள் இந்தியாவுல 2005ல மும்பை கே.இ.எம். ஆஸ்பத்திரி காலேஜ்ல ஆரம்பிச்சுது, 2006ல லூதியானா சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, 2007ல கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. மருத்துவக் கல்லூரி. டாக்டர், பல் டாக்டர், நர்ஸ், பிசியோன்னு எல்லாரையும் ஒரே ரூம்ல உக்கார வைக்கிற ஃபெல்லோஷிப் அது, வேலையை விடாமலே ரெண்டு வருஷம். நேர்ல சில நாள், மிச்ச நாள் மெயில்ல விவாதம், ஆனா முக்கியமானது ஒவ்வொருத்தரும் தன்னோட சொந்தக் காலேஜ்ல ஒரு கல்வி ப்ராஜெக்ட் செஞ்சு அடுத்த வருஷம் வந்து எல்லார் முன்னாடியும் வைக்கணும். நான் ஏன் இதைப் பெருசா சொல்றேன்னா, கோர்ஸ் முடிஞ்சதும் ஆறிப்போற வியாதிக்கு அதுல மருந்து இருக்கு. உங்க ப்ராஜெக்ட் என்னாச்சுன்னு கேக்க வேற ஊர்ல ஒருத்தர் இருக்கார், வெக்கத்துக்காவது செஞ்சு முடிச்சிடுவோம்.

பாண்டிச்சேரி ஜிப்மர்ல ஆசிரியர் பயிற்சி மையம் ஒண்ணு 1970கள்ல உலக சுகாதார நிறுவன உதவியோட ஆரம்பிச்சதுல இருந்து இருக்கு. ஆராய்ச்சி அடிப்படையே புரியலைன்னா சென்னையில இருக்கிற ஐ.சி.எம்.ஆர். தொற்றுநோயியல் நிறுவனம் ஆன்லைன்ல நடத்துற பயோமெடிக்கல் ரிசர்ச் பேசிக் கோர்ஸ் வீடியோ பாருங்க, வீட்ல இருந்தே முடிக்கலாம். இந்த வருஷ விண்ணப்பத் தேதி எல்லாம் அவங்கவங்க வெப்சைட்ல பாத்துக்கோங்க, நான் எழுதுறதுக்குள்ள மாறிடும்.

கேள்வி: நான் பி.ஜி. (மேற்படிப்பு) ரெண்டாவது வருஷம் சார். ஓ.பி.ல நூறு பேர் நிக்கிறாங்க, ஹவுஸ் சர்ஜனுக்கு (பயிற்சி டாக்டர்) சொல்லிக்குடுக்கணும்னு ஆசைதான், நேரம் எங்க இருக்கு? ஆராய்ச்சியெல்லாம் பேசுறீங்களே!
(பி.ஜி. மாணவி, திருநெல்வேலி)

நியாயமான கோவம்மா. உனக்கு ஒரு நிமிஷம்தான் இருக்குன்னு வச்சுக்குவோம். 1992ல அமெரிக்காவுல ஃபேமிலி மெடிசின் டாக்டர்கள் உன்னை மாதிரி ஆளுங்களுக்காகவே அஞ்சு படியில ஒரு முறை எழுதினாங்க. நம்ம ஓ.பி.க்கு அது எப்படி இருக்கும்னு சொல்றேன்.

ஹவுஸ் சர்ஜன் ஓடி வர்றான், "மேடம், 45 வயசு, மூணு வாரமா இருமல், சாயங்காலம் ஜுரம், என்ன எழுதட்டும்?" உடனே மருந்து பேர் சொல்லாத. "உனக்கு என்ன தோணுது?"ன்னு கேளு. "டி.பி.யா இருக்குமோ மேடம்." "எதை வச்சு சொல்ற?" "எடை குறைஞ்சிருக்குன்னாங்க, வீட்ல மாமியாருக்கு இருந்துச்சாம்." இப்போ ஒரே ஒரு பொது விதி, ஒண்ணுதான், "ரெண்டு வாரத்தைத் தாண்டின இருமல்னா சளி டெஸ்ட்டுக்கு அனுப்பாம விடாத." அப்புறம் அவன் செஞ்ச நல்லதைப் பேர் சொல்லிச் சொல்லு, சும்மா குட்னு சொல்லாத, "மாமியார் விஷயத்தைக் கேட்ட பாரு, அதான் கேஸ்." கடைசியா விட்டதைச் சொல்லு, "சுகர் இருக்கான்னு கேக்கல, போய்க் கேட்டுட்டு வா." முடிஞ்சுது.

ஆராய்ச்சி எங்கன்னு கேட்டல்ல? உன் கூட ஓ.பி. பாக்கிற இன்னொரு பி.ஜி.யை ஒரு வாரம் பக்கத்து டேபிள்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எண்ணச் சொல்லு. "உனக்கு என்ன தோணுது"ன்னு நீ கேட்ட பிறகு, நீயே வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடி எத்தனை செகண்ட் பொறுத்தன்னு. 1970கள்ல மேரி பட் ரோன்னு ஒரு அமெரிக்க ஆய்வாளர் ஸ்கூல் கிளாஸ்கள்ல இதைத்தான் அளந்தாங்க, வாத்தியார்கள் சராசரியா ஒரு செகண்ட் அளவுதான் பொறுத்தாங்க. மூணு செகண்ட் பொறுத்தப்போ பசங்க பதில் நீளமாச்சு, வாயே திறக்காதவங்களும் பேச ஆரம்பிச்சாங்க. அடுத்த வாரம் நீ அவளுக்கு எண்ணு. நூறு பேர் நிக்கிற ஓ.பி.ல அது எத்தனை செகண்ட்னு எனக்கு எழுதி அனுப்பு, என்னோடது அரை செகண்ட் கூட இருந்திருக்காது.